இறக்கத்தில் ஒரு நி

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் காத்து வருதா? சரி. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு வைஜயந்தி மேல கோவமே கிடையாது. இதை முதல் வரியா எழுதிக்குங்க. பதிமூணு வருஷமா நான் அவ முகத்துல முழிக்கலை. அவ கச்சேரி இருக்கற தெருப்பக்கம் போறதில்லை. பேப்பர்ல அவ பேட்டி வந்தா மடிச்சுப் பரண்ல போட்டுடுவேன். டி.வி.யில வந்தா எந்திரிச்சுக் கொல்லைப்பக்கம் போயிடுவேன். ஆனா கோவம்னு எதுவும் கிடையாது.

நீங்க போன்ல கேட்டது ஞாபகம் இருக்கு. வேதாசலம் ஐயாவோட பாட்டு அத்தனையும் ஸ்வரத்தோட புத்தகமாப் போடறீங்க. நூத்திப் பன்னெண்டு பாட்டு. நல்ல காரியம், செய்ய வேண்டிய காரியம். அதுல 'வந்த வழி மறந்தேன்' பாட்டுல மட்டும் ஒரு சிக்கல். ஐயா வீட்டு நோட்டுல ஒரு மாதிரி இருக்கு, அவ பாடின சி.டி.யில வேற மாதிரி இருக்கு. எதை அச்சடிக்கறதுன்னு தெரியலை, நோட்டு உங்க கையெழுத்து, அதனால உங்களைத்தான் கேக்கணும்னு சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க. இந்த உறையூர்ல என்னை விட்டா வேற யாரைப் போய்க் கேப்பீங்க?

பதில் ரொம்பச் சின்னது. நோட்டுல இருக்கறது சரி. அவ பாடறது தப்பு. 'தப்பு'ன்னே போடுங்க. 'பாடபேதம்'னு நாசூக்காப் பூசி மெழுக வேணாம். பெரிய பாடகி, நாடு நாடாப் போய்ப் பாடினவ, ஐயாவோட பாட்டைத் தப்பாப் பாடிட்டான்னு அச்சுல வரணும். அதைப் படிச்சுட்டு ஒரு நாள் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கக் கூடாது. இல்ல, கோவத்துல சொல்லலை. நியாயத்தைச் சொல்றேன்.

கமலவேணி, காபி ஆச்சா? என் சம்சாரம். அவளுக்கு இந்தக் கதை பிடிக்காது. இந்தப் பேச்சை எடுத்தாலே உள்ள போயிடுவா. போகட்டும்.

எப்படித் தப்பு வந்ததுன்னு கேக்கறீங்க. அதுக்கு ஐயா எப்படிப் பாட்டுக் கட்டுவார்னு தெரியணும். அவர் தந்தி ஆபீஸ்ல முப்பத்து நாலு வருஷம் வேலை பாத்தவர். ரிட்டயர் ஆன அன்னிலேர்ந்து பேனாவைத் தொடலை. "இத்தனை வருஷம் அடுத்தவன் சொன்னதை நான் எழுதினேன், இனிமே நான் சொல்றதை எவனாவது எழுதட்டும்"பார். அந்த எவனாவது நான்தான். வீட்டுல உக்காந்தா அவருக்குப் பாட்டு வராது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறி, ஸ்ரீரங்கம் போயி, இறங்காம அதே பஸ்லயே திரும்பி வருவார். ஜன்னல் ஓரம் அவர், பக்கத்துல நான். காவேரிப் பாலம் வந்தா பல்லவி கிளம்பிடும். வாயை மூடிக்கிட்டே முனகுவார், நான் எழுதணும். பள்ளத்துல பஸ் இறங்கும், ஸ்வரம் எங்கேயோ போகும், பென்சில் எங்கேயோ போகும். எழுத்து ஏன் இவ்வளவு கோணல்னு கேட்டீங்களே, அது என் கை இல்லம்மா, டவுன் பஸ்.

பத்தொன்பது வருஷம் இப்படி. நான் எழுதி, வீட்டுக்கு வந்து வயலின்ல வாசிச்சுக் காட்டி, அவர் திருத்தி, நான் மறுபடி படியெடுத்து. நாப்பத்து மூணு நோட்டு. இந்தப் பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'பேஷ்'னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரியா இருந்தா "ம்". தப்பா இருந்தா "ம்ஹூம்". அவ்வளவுதான் எனக்குக் கிடைச்ச சன்மானம். ஆனா மத்தவங்க கிட்ட நான் அப்படிச் சொல்லிக்கறதில்லை. ஐயாவுக்கு நான்தான் வலது கைன்னுதான் சொல்லுவேன். உண்மையும் அதுதானே.

கடைசி காலத்துல எட்டுப் பாட்டுக் கட்டினார். எட்டும் அவரே உண்டாக்கின ராகம். அதுல எட்டாவதுதான் 'வந்த வழி மறந்தேன்'. அவர் பொறந்தது திருநெல்வேலிப் பக்கம், அதனால ராகத்துக்கு அந்தப் பக்கத்து ஆத்தோட பேரையே, 'பொருநை'ன்னு வச்சார். புது ராகம், உலகத்துல அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச ராகம். அதோட சட்டம் ஒண்ணே ஒண்ணு. ஏறும்போது நி உண்டு. இறங்கும்போது நி கிடையாது. மேல் ஸாவுலேர்ந்து நேரா தாவுல வந்து விழணும். நடுவுல எங்கேயும் நிக்கக் கூடாது. நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்.

அந்த எட்டும் எனக்குன்னு சொன்னார் அம்மா. பஸ்ல வச்சு, அம்மா மண்டபம் ஸ்டாப்பிங்ல, வாயால சொன்னார். "சோமு, இந்த எட்டும் உன் வயலினுக்கு. பாட்டே வேணாம். முதல்ல உன் வில்லுல ரிக்கார்டு ஆகட்டும்"னார். நான் அன்னிக்கே போய் ஒரு சில்க் ஜிப்பா தைக்கக் குடுத்தேன். ரிக்கார்டு அட்டையில போடறதுக்கு ஸ்டூடியோவுல போட்டோ எடுத்துக்கிட்டேன், வயலினைத் தோள்ல வச்சுக்கிட்டு லேசாச் சாஞ்ச மாதிரி. தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாமச் சொல்லிட்டேன்.

அப்புறம் அவ வந்தா.

திருச்சியில ஒரு கச்சேரிக்கு வந்தவ, ஐயாவைப் பாக்கணும்னு கார் எடுத்துக்கிட்டு வந்துட்டா. பெரிய பாடகி, ஆனா வந்ததும் தரையில உக்காந்துட்டா பாருங்க, அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்க. ஐயாவோட பழைய பாட்டு ஒண்ணைப் பாடினா. நல்லாப் பாடினாளான்னா பாடினா, அதை விடுங்க. ஐயா கண்ணை மூடிக் கேட்டார். முடிஞ்சதும் எட்டுப் பாட்டையும் அவ பாடட்டும்னுட்டார். நான் பக்கத்துலதான் நிக்கறேன். என்னைத் திரும்பிப் பாத்து, "பாட்டுல வார்த்தை இருக்கு சோமு, அதைச் சொல்ல ஒரு வாய் வேணும்ல? நீ பக்கத்துல உக்காந்து வாசி"ங்கறார். அந்தச் சில்க் ஜிப்பாவைத் தைச்சு வாங்கி அன்னிக்கு நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அதைக்கூட நான் பொறுத்துக்கிட்டேன். தஞ்சாவூர் விஷயத்தைத்தான் பொறுத்துக்க முடியலை. எட்டுப் பாட்டு அரங்கேற்றத்துக்கு ஒரு மாசம் முந்தி, தஞ்சாவூர்ல அவளுக்கு வேற ஒரு கச்சேரி, அதுக்கு என்னைப் பக்கவாத்தியமாப் போட்டா. பாதி கச்சேரியில, ஆலாபனைக்கு நடுவுல, மைக்குல வாயை வச்சு சவுண்டுக்காரன் கிட்ட சொல்றா, "வயலினைக் கொஞ்சம் குறைங்க". மைக்குலம்மா! எழுநூறு பேர் கேட்டாங்க. மிருதங்கக்காரர் சிரிப்பை அடக்கறது எனக்குத் தெரியுது. நான் அப்ப கொஞ்சம் தாராளமா வாசிச்சுக்கிட்டு இருந்தேன், அது வேற விஷயம். அவ ஒரு பங்கு பாடினா நான் ஒண்ணரைப் பங்கு வாசிச்சேன். அனுபவஸ்தன் வாசிக்கத்தான் செய்வான். அதுக்காகச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவாளா? அன்னிக்கு முடிவு பண்ணினேன். உன்னைச் சபையில தலைகுனிய வைக்கலைன்னா நான் சோமாஸ்கந்தன் இல்லைன்னு.

காபி குடிங்க, ஆறுது. இப்பச் சொல்றதை எழுதாதீங்க. இல்ல, எழுதுங்க. எழுதினாத்தான் அவ மாட்டுவா.

ஐயா என்னைக் கூப்பிட்டு, "எட்டையும் வைஜயந்திக்கு ஒரு படி எழுதிக் குடு"ன்னார். எழுதிக் குடுத்தேன். ஏழு பாட்டு அச்சு மாதிரி, ஒரு புள்ளி பிசகாம. எட்டாவதுல, சரணத்துல, 'உன் வாசல் மறந்தேனில்லை'ன்னு வரும் பாருங்க, அந்த வாசல்ங்கற இடத்துல ஸாவுக்கும் தாவுக்கும் நடுவுல ஒரு எழுத்தை வச்சேன். நி. ஒரே எழுத்து.

சும்மா வச்சுட்டேன்னு நினைக்காதீங்க. தப்பு எழுதறது லேசா? அசிங்கமா ஒண்ணை வச்சா அவ உடனே கண்டுபிடிச்சுடுவா, அவளுக்கு நல்ல காது, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். பாடும்போது அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாது. ஆனா ஐயா காதுல முள்ளாக் குத்தணும். அப்படி ஒரு தப்பு வேணும். மூணு நாள் தேடினேன். கதவைச் சாத்திக்கிட்டு வயலினை எடுத்தா சாப்பாட்டுக்குத்தான் எந்திரிப்பேன். எட்டுப் பாட்டையும் முன்னும் பின்னும் வாசிச்சு, இது வேணாம், இது தெரிஞ்சுடும், இது சாதாரணம்னு ஒவ்வொண்ணாத் தள்ளி, மூணாம் நாள் மத்தியானம் வாசல்ல அந்த நி கிடைச்சுது. லேசாத் தொட்டுட்டு இறங்கணும், அழுத்தக் கூடாது. வீட்டுக்குள்ள போக வந்தவன் படியில ஒரு நிமிஷம் தயங்கின மாதிரி இருக்கும். வாசிச்சுப் பாத்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. இதுதான்னு எழுதிட்டேன்.

அவ போன் பண்ணினா. "அண்ணா, இறங்கும்போது நி கிடையாதுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க, வாசல்ல மட்டும் வருதே?" "ஐயா அப்படித்தாம்மா பாடினார்"னேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போன். அதே கேள்வி. அதே பதில். மூணாவது தடவை, "சரிண்ணா, நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்"னு வச்சுட்டா. கேட்டுக்கிட்டீங்களா? மூணு தடவை கேட்டிருக்கா. அவ்வளவு சந்தேகம் இருந்தா ஐயாவை நேராக் கேக்க வேண்டியதுதானே? கேக்கலை. அது யார் தப்பு?

என் திட்டம் இப்படி. ஐயா முதல் வரிசையில உக்காருவார். தன் பாட்டுல தப்பு வந்தா அவர் சும்மா இருக்கற ஆள் இல்ல. அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி கும்பகோணத்துல ஒரு பையன் ஒரு இடத்துல வழுக்கிட்டான்னு, எந்திரிச்சு நின்னு, "தம்பி, நிறுத்து. அது என் பாட்டு இல்ல"ன்னுட்டு வெளிய போயிட்டார். அந்தப் பையன் அப்புறம் ஐயா பாட்டைத் தொடவே இல்லை. வைஜயந்திக்கும் அதுதான் நடக்கணும். ஒருவேளை வயசாகிக் காதுல விழாமப் போயிடுச்சுன்னா? அதுக்கும் வழி வச்சிருந்தேன். அவ அந்த வரியைப் பாடி முடிச்சதும் வயலின்ல நான் திருப்பி வாசிக்கணும்ல, அப்ப சரியானதை வாசிச்சுடுவேன். நேரா ஸாவுலேர்ந்து தாவுக்கு. அவ ஒண்ணு பாட, நான் ஒண்ணு வாசிக்க, சபையில இருக்கற அத்தனை பேரும் நிமிர்ந்து பாப்பாங்க. எது சரின்னு ஐயா வாயைத் திறந்தே ஆகணும்.

அரங்கேற்றக் கச்சேரி அன்னிக்கு சாயங்காலம் மண்டபம் நிறைஞ்சு போச்சு. சி.டி. போடறதுக்காக ரிக்கார்டிங் வேற நடக்குது. நான் அந்தச் சில்க் ஜிப்பாவைத்தான் போட்டுக்கிட்டுப் போனேன். ஏழு பாட்டு ஆச்சு. எட்டாவது. பல்லவி, அனுபல்லவி, சரணம். வாசல்ல வந்தா. அந்த நியைத் தொட்டா.

எப்படித் தொட்டான்னு என்னைக் கேக்காதீங்க. சி.டி. இருக்கு, கேட்டுக்குங்க.

அவ நிறுத்திட்டா. இப்ப நான் வாசிக்கணும். ஸா, தா. எத்தனை நாளா மனசுக்குள்ள வாசிச்சு வச்சது. வில்லை வச்சேன். அம்மா, நாப்பது வருஷமாப் பக்கவாத்தியம் வாசிச்ச கை இது. பாடறவங்க எங்க போனாலும் பின்னாடியே போய்ப் பழகின கை. அது என்னைக் கேக்கலை. அவ தொட்ட அதே நியை, அவ தொட்ட மாதிரியே தொட்டுட்டு இறங்கிடுச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், என் விரல் என் பேச்சைக் கேக்காமப் போகுது. அவ திரும்பி என்னைப் பாத்துச் சிரிச்சா. ஜனங்க கை தட்டறாங்க. நாலு பேர் கண்ணைத் துடைக்கறாங்க. மறுபடி அந்த வரியைப் பாடுங்கங்கறாங்க. மறுபடி பாடினா. மறுபடி என் கை அதையேதான் வாசிச்சுது. அப்புறம் இன்னொரு தடவை. மூணு தடவை! அது அத்தனையும் ரிக்கார்டு ஆயிடுச்சு. இன்னிக்கு எவனாவது 'அது தப்பு'ன்னு சொன்னா, 'அப்ப சோமாஸ்கந்தன் ஏன் வாசிச்சார்?'ன்னு கேப்பான். என் வில்லை வச்சே என் வாயை அடைச்சுட்டா.

ஐயாவா? எந்திரிக்கலை. கண்ணாடியைக் கழட்டினார், துடைச்சார், மறுபடி போட்டுக்கிட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில போனேன். வழக்கம்போல பஸ்ஸுக்குக் கிளம்பலை, உக்காந்திருந்தார். "நேத்து அந்த வாசல் பேஷா இருந்துதுடா சோமு"ன்னார். பேஷ்! பத்தொன்பது வருஷமா நான் காத்துக் கிடந்த வார்த்தை. அதைத் தூக்கி அவளுக்குக் குடுத்துட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "நீ எப்படி எழுதிக் குடுத்தே?"ன்னார். "நீங்க பாடினபடிதான் எழுதிக் குடுத்தேன் ஐயா"ன்னேன். "ம்"ன்னார். என் கையையே பாத்துக்கிட்டு இருந்தார். வயசாச்சுல்ல, அப்படித்தான் எதையாவது வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பார். அதுக்கப்புறம் அவர் பாட்டே கட்டலை. ரெண்டு வருஷத்துல போயிட்டார்.

அதுலேர்ந்து எனக்கு நரகம் அம்மா. சி.டி. பிச்சுக்கிட்டுப் போச்சு. கல்யாண வீட்டுல நாதஸ்வரக்காரன் வாசிக்கறான், அந்த நியோட. புல்லாங்குழல்ல ஒருத்தன் வாசிக்கறான், அந்த நியோட. மெடிக்கல் ஷாப்புக்காரன் போன் அடிச்சா அந்த வரிதான், சரியா அந்த நியில வந்து எடுக்கறான். ஒரு தடவை புதுக்கோட்டையில எனக்கு ஒரு தனிக் கச்சேரி கிடைச்சுது. அப்ப என் கை என் பேச்சைக் கேட்டுது, சரியா வாசிச்சேன், ஐயா போட்டபடி. முடிஞ்சதும் ஒரு பாங்க்காரர் மேடைக்கிட்ட வந்து, "சார், எல்லாம் பிரமாதம். வாசல்ல அந்த நியை விட்டுட்டீங்களே. வைஜயந்தி அம்மா சி.டி.யை ஒரு தடவை கேட்டுப் பாருங்க"ங்கறார். என் கிட்ட! நான் எழுதினதை என் கிட்டயே திருத்தறான். அந்த ஆள் கழுத்தைத் திருகாம விட்டது என் பொறுமை.

அதனாலதான் சொல்றேன். புத்தகத்துல ரெண்டு விஷயம் வரணும். ஒண்ணு, அந்த இடத்துல நி தப்பு, வைஜயந்தி தப்பாப் பாடினா. ரெண்டு... எழுதறீங்களா? ரெண்டு, அந்த நியை அவ கண்டுபிடிக்கலை. ஜனங்க அழறது அவ குரலுக்காகன்னு அவ நினைச்சுக்கிட்டு இருக்கா. கிடையாது. அந்த நிக்காகத்தான் அழறாங்க. அதைப் போட்டது திருச்சி சோமாஸ்கந்தன்னு வரணும். மூணு நாள் உக்காந்து போட்டது. ஐயாவுக்கே தோணாதது. ஏன் அப்படிப் பாக்கறீங்க? தப்புன்னும் போடுங்க, என்னோடதுன்னும் போடுங்க. ரெண்டும் உண்மைதானே? அவளுக்கு எதுவும் மிஞ்சக் கூடாது, அதுதான் எனக்கு வேணும். நான் செஞ்சது துரோகம்னு நாலு பேர் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அவ கையில இருக்கறதைப் பிடுங்கினாப் போதும்.

என்ன? வேற ஒரு ரிக்கார்டிங்கா? சி.டி. இல்லாம வேறயா? எங்க பாடினது, சிங்கப்பூரா? வேணாம்மா, நான் அவ பாட்டைக் கேக்கறதில்லை. பாட்டு இல்லையா? பாட்டுக்கு முந்தி பேசறாளா? சரி, போடுங்க. என்ன பெருமை அடிச்சுக்கறான்னு கேப்போம். ஃபேனை நிறுத்துங்க.

ம்... ம்... 'அடுத்து ஐயாவோட எட்டாவது பாட்டு'ங்கறா. குரல் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கு, வயசாகுதுல்ல. 'இதுல வாசல்ங்கற இடத்துல ஒரு நி வரும்'ங்கறா. வரும் வரும். 'அது ஐயா போட்டது இல்ல.'

இருங்க. என்ன சொன்னா? கொஞ்சம் பின்னாடி போங்க.

'அது ஐயா போட்டது இல்ல. திருச்சி சோமாஸ்கந்தன் அண்ணா போட்டது. நான் எங்க பாடினாலும் இதைச் சொல்லிட்டுத்தான் பாடுவேன்.'

எங்க பாடினாலுமா? எத்தனை வருஷமா? பதினோரு வருஷமாவா? ஐயா போனதுலேர்ந்தா? நிறுத்தாதீங்க, ஓடட்டும். 'கச்சேரி முடிஞ்சு ஐயா வீட்டு நோட்டைப் பாத்தேன், அதுல நி இல்லை. ஐயா, மாத்திப் பாடிடட்டுமான்னு கேட்டேன். ஐயா சொன்னார், சோமு போட்டது அப்படியே இருக்கட்டும். நமக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். நான் இருக்கற வரைக்கும் வெளிய சொல்லாதே. அவனுக்குத் தெரிஞ்சா எடுத்துடுவான்.'

சிரிக்கறாங்க. சபையில அத்தனை பேரும் சிரிக்கறாங்கம்மா.

அணைங்க. அணைங்க அதை. கமலவேணி! இங்க வா. உனக்குத் தெரியுமா இது? தெரியும்ங்கறா. கேட்டுக்குங்க, தெரியுமாம். எத்தனை வருஷமா? ஏன் சொல்லலை? பாருங்க, உள்ள போறா. அப்ப ஊருக்கே தெரியும். சிங்கப்பூருக்குத் தெரியும். அந்தப் பாங்க்காரனுக்குத்தான் தெரியாது, அவனுக்கும் எனக்கும்தான் தெரியாது. நீங்களும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்தீங்க, இல்ல? அத்தனை நேரம் என்னைப் பேசவிட்டுட்டு உக்காந்திருந்தீங்க.

என்னை மன்னிச்சுட்டாங்களாம், ரெண்டு பேருமாச் சேந்து. யார் கேட்டா மன்னிப்பு? நான் கேட்டேனா? அவளைக் கவுக்கணும்னு மூணு நாள் கதவைச் சாத்திக்கிட்டு வேலை செஞ்சேன், அதை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போயி என் பேரைச் சொல்லியிருக்கா. பெரிய மனுஷியாம். அன்னிக்கு அந்தப் பேஷை எனக்குத்தான் சொன்னாரா அவர்? அப்ப என் மூஞ்சியைப் பாத்துச் சொல்றதுக்கு என்ன? கைக்குச் சொன்னாரா? பதிமூணு வருஷம் ஒரு மனுஷன் வயிறு எரிஞ்சது எல்லாம் வீண்னு ஆக்கிட்டுப் போயிட்டாரே அம்மா. எரிச்சலாவது எனக்குச் சொந்தமா இருந்துது.

தெரிஞ்சா எடுத்துடுவானாம். சரி. தெரிஞ்சுடுச்சு. எடுத்துட்டேன். எழுதுங்க. பேனாவைக் கீழ வைக்காதீங்க, எழுதுங்க. புத்தகத்துல அந்த இடத்துல நி கிடையாது. நோட்டுல இருக்கற மாதிரி, ஸாவுலேர்ந்து நேரா தா. தப்புன்னும் போட வேணாம், அடிக்குறிப்பும் வேணாம், என் பேரும் வேணாம். அவளுக்கு நீங்களே தகவல் சொல்லிடுங்க. அது என்னோடதுன்னு நானாச் சொல்லிக்கலை, அவ வாயாலயே மைக்குல சொல்லியிருக்கா. என்னோடதை நான் திருப்பி வாங்கிக்கறேன். இனிமே அது இல்லாமப் பாடட்டும், ஐயா போட்டபடியே பாடட்டும். எத்தனை பேர் அழறாங்கன்னு நானும் பாக்கறேன்.